இரண்டாம் ஆண்டு வாசகம்

அத்தியாயம் 17

"ஞாயித்துக்கிழமை பூசைல பிள்ள வாசகம் வாசிக்கட்டும் விஜிலா. அதைக் கேட்டுட்டு நான் என் முடிவைச் சொல்லுதேன்."

போன வாரம் எமில்டா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இப்படிச் சொல்லிவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். விஜிலாவுக்கு அது ஒரு வாரமாகத் தூக்கத்திலும் கேட்டது.

முடிவு சொல்ல எமில்டா யார் என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் கேட்கலாம். விஜிலாவின் கணவன் ரெக்சனுக்கு அவள் அக்கா. தம்பி கப்பலில் கிடக்கிற மாதங்களில் இந்தக் குடும்பத்துக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்து நிற்பவள். சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அந்தப் பள்ளியின் போர்டிங்கில் ஜெர்லினுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறாள். ரெக்சன் புதன்கிழமை மறுபடியும் கப்பலுக்குக் கிளம்புகிறான். அதற்குள் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். ஒன்பது வயது ஜெர்லின் இனியும் வீட்டிலேயே படிப்பாளா, பெட்டியைக் கட்டிக்கொண்டு போர்டிங்குக்குப் போவாளா?

விஜிலாவுக்கு வேண்டியது ஒன்றுதான். பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும்.

வெறும் தாய்ப்பாசம் என்று எண்ணிவிட வேண்டாம். பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் ஜெர்லினை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "இவளுக்கு வாசிக்கத் தெரியாது, எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொன்ன நாளிலிருந்து பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டிலும் பேசவில்லை. பசிக்கிறதா என்றால் தலையை ஆட்டுவாள். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. அதன்பிறகுதான் விஜிலா அவளையும் மூத்தவன் ஜெனோவையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, சாப்பாட்டு மேசையையே பள்ளிக்கூடம் ஆக்கினாள். சொந்தபந்தம் சிரித்தது. படித்த படிப்பெல்லாம் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ரெக்சன் மட்டும் போனில் யோசித்து யோசித்து, "சரி, ஒரு வருசம் பாப்போம்" என்றான்.

அந்த ஒரு வருடம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கிறிஸ்தவத் தாய்மார்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள். வருடத்தை நல்லபடியாக முடிப்பது எப்படி என்று ஏப்ரல் பிறந்ததிலிருந்து அங்கே ஒரே பேச்சு. முடியாமல் கிடக்கிற பாடத்தை நினைத்துக் கலங்க வேண்டாம், பிள்ளை கற்றதைக் கொண்டாடுங்கள், குடும்பமாக உட்கார்ந்து நன்றி சொல்லுங்கள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். விஜிலா எல்லாவற்றுக்கும் கை கூப்பிய படத்தைப் போட்டு வைத்தாள். முடியாமல் கிடக்கிற பாடம் என்று அவளிடம் எதுவும் இல்லை. காலையில் பூசை, அதில் ஜெர்லினின் வாசகம், மத்தியானம் விருந்து, சாயங்காலம் செபமாலையோடு வருடத்தை மூடுவது என்று திட்டம் போட்டிருந்தாள். கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே, வருடம் பூராவும் பாடுபட்டவள்தானே.

பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் ஜெர்லினைக் காணவில்லை. தேடினால், மொட்டைமாடிப் படியில் அண்ணனோடு உட்கார்ந்திருந்தாள். விஜிலாவைக் கண்டதும் ஜெனோ கையிலிருந்த புத்தகத்தை மூடினான். பதினான்கு வயது. மீசை அரும்பத் தொடங்கியதிலிருந்து முகத்தில் ஒரு கவலை எப்போதும் உண்டு.

"எவ்வளவு நேரம்லே படிப்பே? அவ நல்லாத்தான வாசிக்கா. வா, நேரமாவுது."

கீழே ரெக்சன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மகளைத் தூக்கி மேசை மேல் உட்கார வைத்தான்.

"ஏளா, வாசகம் ஒழுங்கா வருமா?"

"வரும்ப்பா."

"பயமா இருக்கா?"

"அண்ணன் பக்கத்துல நின்னா பயமில்ல."

"அண்ணன் எதுக்கு? மைக்கைச் சரிபண்ண அம்மா நிப்பால்லா."

ஜெர்லின் அண்ணனைப் பார்த்தாள். ஜெனோ கடிகாரத்தைப் பார்த்தான். பெரியவர்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

* * *

மே மாத மறைக்கல்வி வகுப்பு முடிகிற ஞாயிறு என்பதால் அன்று பூசையில் வாசகம், மன்றாட்டு எல்லாம் பிள்ளைகள்தான். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தாலும் கோவிலுக்குள் வெக்கை. முன் வரிசையில் எமில்டா. அவள் பக்கத்தில் ரெக்சன், கையில் போன், மகளைப் படம் பிடிக்க.

வாசக மேடை ஜெர்லினின் தலைக்கு மேல் உயரம். விஜிலா சின்ன முக்காலியைப் போட்டு அவளை ஏற்றி நிறுத்தி, மைக்கைத் தாழ்த்தினாள். புத்தகம் ஏற்கெனவே விரித்து வைத்திருந்தது. ஜெர்லின் சுட்டு விரலை முதல் வரியின் கீழே வைத்தாள்.

"திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வாசகம்."

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிட்டாய்க் குரல் கிடையாது. கொஞ்சம் கனத்த, நிதானமான குரல். எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் நிற்க வேண்டும் என்று தெரிந்த குரல். இரைச்சல் போட்டுக்கொண்டிருந்த கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. வாசகத்தில் கொர்னேலியு எதிர்கொண்டு வந்து பேதுருவின் காலில் விழுகிறான். நானும் மனிதன்தானப்பா என்று பேதுரு அவனைத் தூக்கி நிறுத்துகிறார். வீட்டில் ஒரு வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் விஜிலா. கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. கர்த்தரே, இந்தப் பிள்ளையா பேசாமல் கிடந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

தற்செயலாகத்தான் அவள் பார்வை புத்தகத்தில் விழுந்தது.

ஜெர்லினின் விரல் 'பிலிப்பு' என்ற பெயரின் கீழே இருந்தது. வாய் 'பேதுரு' என்றது.

விஜிலா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். குனிந்து பார்த்தாள். பிலிப்பு சமாரியாவுக்குப் போகிறார். அந்த ஊரே மகிழ்கிறது. பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில், பாஸ்கா காலம் ஆறாம் ஞாயிறு, முதல் ஆண்டு என்று இருந்தது.

நம் கோவில்களில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்றாக வரும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரே ஞாயிறுக்கு முதல் ஆண்டில் ஒரு வாசகம், இரண்டாம் ஆண்டில் வேறொன்று, மூன்றாம் ஆண்டில் இன்னொன்று. இப்போது நடப்பது முதல் ஆண்டு. பிள்ளை பழகி வந்தது இரண்டாம் ஆண்டு வாசகம். வீட்டுப் புத்தகத்தில் யாரோ தப்பான பக்கத்தை எடுத்திருக்கிறார்கள். சாதாரணத் தவறு. யாருக்கும் நடக்கும்.

ஆனால் வாசிக்கத் தெரிந்த பிள்ளை முதல் வரியிலேயே திணறியிருக்கும். அம்மா, இது வேற வாசகம் என்று திரும்பிப் பார்த்திருக்கும்.

ஜெர்லின் திரும்பவில்லை. விரல் வரிக்கு வரி ஒழுங்காக இறங்கியது. வாய் அதற்குச் சம்பந்தமே இல்லாத கதையைப் பிசகில்லாமல் சொல்லிக்கொண்டு போனது. கடைசி வரிக்கு விரல் வரவும் கதை முடியவும் சரியாக இருந்தது.

"இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு."

"இறைவா உமக்கு நன்றி" என்றது சபை.

விஜிலாவால் அதைச் சொல்ல முடியவில்லை. முக்காலியை எடுக்கக் குனிந்தவள் நிமிரச் சற்று நேரம் ஆனது.

* * *

பூசை முடிந்து வெளியே வந்தால் ஒரே பாராட்டு. எமில்டா லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜெர்லினைக் கட்டிப்பிடித்தாள். ரெக்சன் யார் யாருக்கோ போனைக் காட்டிக்கொண்டிருந்தான். யார் கையிலும் புத்தகம் இல்லை. எல்லாரும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பங்குச்சாமியார் மட்டும் விஜிலாவின் அருகில் வந்தார்.

"பாப்பா அருமையாச் சொன்னா. ஆனா அது இரண்டாம் ஆண்டு வாசகம்லா?"

"வீட்டுல தப்பாப் பாத்துப் பழக்கிட்டோம் சாமி."

"பரவாயில்ல." அவர் நகரப் போனவர் நின்றார். "மேடைல விரிச்சு வச்சிருந்தது முதல் ஆண்டுதானம்மா?"

"ஆமா சாமி."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று விஜிலாவுக்குத் தோன்றியது.

ரெக்சன் கறிக்கடைக்குப் போனான். எமில்டா வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வருவதாகச் சொன்னாள். விஜிலா பிள்ளைகளோடு வீடு வந்து சேர்ந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் ஜெர்லினை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

முதலில் தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்தாள். போன மாதம் முடித்த பாடம். ஜெர்லின் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினாள். தங்கு தடை இல்லை. பாதியில் விஜிலா தன் உள்ளங்கையால் பக்கத்தை மூடினாள்.

வாசிப்பு நிற்கவில்லை.

இரண்டு வாக்கியம் தாண்டிய பிறகுதான் ஜெர்லினுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு அம்மாவின் கையையே பார்த்தாள்.

விஜிலா சுற்றும் முற்றும் பார்த்து, அடுப்பு மேடையில் இருந்த உப்புப் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"இதை வாசி."

"உப்பு" என்று சிரித்தாள் ஜெர்லின்.

"அதுக்குக் கீழ என்னமோ போட்டிருக்குல்லா. அதை வாசி."

சிரிப்பு போய்விட்டது. விரல் பழக்கத்தில் வரியின் கீழே போய் நின்றது. உதடு அசைந்தது. ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று இருந்தது, அவ்வளவுதான். ஜெர்லின் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் திருப்பினாள்.

"எம்மா."

"என்ன?"

"அண்ணனக் கூப்பிடட்டா?"

விஜிலா அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தாள்.

இது எப்படி ஒரு வருடம் ஒரு தாயின் கண்ணில் படாமல் போகும் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மன்றாட்டு மாலைப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருப்போம். கண் எங்கேயோ மேயும். வாய் ஒரு சொல் தப்பாமல் சொல்லிக்கொண்டு போகும். பக்கத்தைக்கூடச் சரியான இடத்தில் புரட்டுவோம். அதற்கு வாசிப்பு என்றுதான் பெயர். அதில் பிறந்து வளர்ந்தவள் விஜிலா. புத்தகம் விரிந்திருந்தது, பிள்ளை சொன்னாள், தாய் கண்ணை மூடிக் கேட்டாள். பார்த்து எழுதச் சொன்னால் ஜெர்லின் அச்சுப் பிசகாமல் எழுதுவாள், கோலம் போடுகிற கைதான். சொல்வதை எழுதச் சொல்லவே இல்லை. பழைய பள்ளியில் பிள்ளையை அழவைத்தது அந்த டிக்டேஷன்தான் என்று, அது இந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று விஜிலாவே சட்டம் போட்டிருந்தாள்.

அன்பினால் போட்ட சட்டம். அதற்குள்தான் எல்லாம் ஒளிந்திருந்தது.

* * *

ஜெனோ கதவருகில் வந்து நின்றான். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை.

"எத்தன நாளாலே?"

"மொதல்ல இருந்தே."

"ஏன்லே எங்கிட்டச் சொல்லல?"

அவன் தங்கையை முன்னறைக்குப் போகச் சொன்னான். அவள் போகும்வரை காத்திருந்தான்.

"ஒரு நாளைக்குன்னுதான் சொல்லிக்கொடுத்தேன்மா. நீங்க பாடம் எடுக்கதுக்கு முன்னாடி மாடில வச்சு நான் வாசிப்பேன், அவ ரெண்டு தடவ கேட்டாப் போதும், புடிச்சிருவா. அன்னைக்கு அவ சொன்னதும் நீங்க அழுதீங்க. அப்பாவுக்குப் போன் போட்டு, பிள்ள வாசிச்சிட்டா, நம்ம பிள்ள வாசிச்சிட்டான்னு சொன்னீங்க. அதுக்குப் பொறவு எப்படிம்மா நிறுத்த?"

விஜிலா தமிழ்ப் பாடப் புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அவளுக்கு எழுத்து நிக்க மாட்டேங்குதும்மா. ஒண்ணப் பாத்தா இன்னொண்ணு மாதிரி இருக்குங்கா. நான் சொல்லிக்கொடுத்துப் பாத்தேன். நெசமாவே பாத்தேன். எனக்குத் தெரியல." அவன் கதவின் தாழ்ப்பாளை இழுத்து இழுத்து விட்டான். "இந்த வாசகத்துலயும் நான்தான் வருசத்தத் தப்பாப் பாத்துட்டேன். மாட்டிக்கிடுவான்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"சரியா எடுத்துக் கொடுத்திருப்பேன்."

பொய்யே சொல்லத் தெரியாத பிள்ளை என்று விஜிலா எல்லாரிடமும் சொல்லும் மகன் இவன். ஒரு வருடமாகத் தினமும் விடிந்ததும் எழுந்து, படியில் உட்கார்ந்து, தாயின் சந்தோஷத்துக்குத் தீனி போட்டிருக்கிறான். அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. தன்மேல்தான் அருவருப்பாக இருந்தது. கூடவே பயம். சொன்னால் பிள்ளை போர்டிங்குக்குப் போய்விடும்.

சொல்லாவிட்டால் என்ன என்றும் தோன்றாமல் இல்லை. ரெக்சன் புதன்கிழமை போய்விடுவான். நாளையிலிருந்து முதல் எழுத்திலிருந்து தொடங்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. இதை எழுதுகிற நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

* * *

மத்தியானச் சாப்பாடு சிரிப்பும் பேச்சுமாக நடந்தது. சிரித்தது ரெக்சனும் எமில்டாவும். ஜெனோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஜெர்லினுக்கு என்ன புரிந்ததோ, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவி வந்து எமில்டா நாற்காலியில் சாய்ந்தாள்.

"நான் தோத்துட்டேன் விஜிலா. வெக்கமில்லாமச் சொல்லுதேன். எங்க பள்ளிக்கூடத்துல அஞ்சாங் கிளாஸ்ல ஒரு பிள்ள அப்படி வாசிக்காது."

"நான் சொன்னேம்லாக்கா" என்றான் ரெக்சன். மனைவியை அவன் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. "வீட்டுலயே படிக்கட்டும். நான் நிம்மதியாக் கப்பல் ஏறுவேன்."

"அந்த இடத்துக்கு வேற ஒரு பிள்ள காத்துக்கிட்டு இருக்கு, கீழக் கடற்கரை ஊருல இருந்து. பாவம், அதுக்குக் கொடுத்திரச் சொல்லி சிஸ்டருக்கு ஒரு வார்த்த சொல்லிருதேன்."

எமில்டா போனை எடுத்தாள். பெயரைத் தேடினாள். காதில் வைத்தாள்.

ஒரு வருடமாக விஜிலா முழங்காலில் நின்று கேட்டது இதைத்தான். கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. அடுத்த வருடமும் ஜெனோ படியில் உட்கார்ந்து வாசிப்பான். அதற்கடுத்த வருடமும். பிள்ளை வளர்ந்து ஊர்ப் பேர் போட்ட பேருந்தைப் பார்த்து, அண்ணனக் கூப்பிடட்டா என்று நிற்கும்.

"போன வைங்க மதினி."

"ஏம்ளா?"

"அவளுக்கு வாசிக்கத் தெரியாது."

சொன்ன பிறகுதான் பார்த்தாள். எல்லாருக்கும் கொடுப்பதற்காக மக்ரூன் இனிப்புத் தட்டோடு ஜெர்லின் வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தாள்.

பிள்ளை அழவில்லை. தட்டைப் பத்திரமாக மேசையில் வைத்தாள். ஒன்று உருண்டு விழுந்ததை எடுத்துத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

"காலைல வாசிச்சாளேளா" என்றான் ரெக்சன். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது.

"பாக்காமச் சொன்னா. புத்தகத்துல இருந்தது வேற வாசகம்."

"நான்தான்ப்பா சொல்லிக்கொடுத்தேன்" என்று ஜெனோ எழுந்து நின்றான். "எல்லாப் பாடமும் நான்தான். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

ரெக்சன் கோபக்காரன் இல்லை என்பது இத்தனை வாரமாக உங்களுக்குத் தெரியும். அவன் கத்தவில்லை. காலையில் பிடித்த படத்தைப் போனில் திறந்து, சத்தம் இல்லாமல், மகளின் விரல் நகர்வதைப் பார்த்தான். பிறகு மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"ஒரு வருசமா நீ என்னத்தப் பாத்த விஜி?"

பார்க்கவில்லை, கேட்டேன் என்று எப்படிச் சொல்வது?

எமில்டா போனை மடியில் வைத்துக்கொண்டாள். ஜெயித்த முகம் இல்லை அது. காலையில் அழுத கண்தான்.

"செவ்வாய்க்கிழம நானே கூட்டிட்டுப் போறேன். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு தனியாச் சொல்லிக்கொடுக்க ஒரு சிஸ்டர் இருக்காங்க. நீ போறதுக்கு முன்னாடி விட்டுட்டு வந்துருவோம்லே ரெக்சா."

"வேண்டாம் மதினி. அங்கயும் வகுப்புக்கு முன்னால நிறுத்துவாங்க. வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லுவாங்க. அவ தாங்க மாட்டா."

"இப்ப நீ என்ன செஞ்ச?"

எமில்டா அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். விஜிலாவுக்கு அந்த டீச்சரின் முகம் ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் அந்தப் பெண்ணை மன்னிக்க முடியாமல் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். அதே மாதிரி நாலு பேருக்கு முன்னால் வைத்து, அதே வார்த்தை. 'இவள்' 'அவள்' ஆனது மட்டும்தான் வித்தியாசம்.

அவள் பின்கட்டுக்கு ஓடினாள். ஜெர்லின் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"ஜெர்லின், அம்மா அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுளா. உனக்காகத்தான் சொன்னேன். நாம ரெண்டு பேரும் மொதல்ல இருந்து படிப்போம் என்ன?"

பிள்ளை தலையை ஆட்டினாள்.

"அம்மா மேல கோவமா?"

தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"ஒரு வார்த்த பேசேன்ளா."

ஜெர்லின் கல்லின்மேல் காய்ந்து கிடந்த சோப்பு நுரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். விஜிலாவுக்கு அந்த மழைக்காலம் முழுவதும் ஒரே நொடியில் திரும்பி வந்தது.

* * *

சாயங்காலச் செபமாலையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு கப்பலின் சங்கு கேட்டு அடங்கியது. மாதா படத்துக்கு முன்னால் விஜிலா மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். வருடத்தை மூடுகிற நன்றிச் செபம் ஒன்றைக் குழுவில் அனுப்பியிருந்தார்கள். அவள் அதைத் திறக்கவில்லை.

செபமாலையில் பத்து மணிகள் கொண்ட பகுதிகள் ஐந்து; இந்த வீட்டில் ஆளுக்கு ஒரு பத்து. முதல் பத்து ரெக்சன். இரண்டாவது விஜிலா. மூன்றாவது எப்போதும் ஜெர்லினுடையது. அவள் தொடங்கினால் தெருவில் போகிறவர்கள்கூடக் கொஞ்சம் நின்று போவார்கள் என்று ரெக்சன் கப்பலில் சொல்லிக்கொள்வதுண்டு. வாசிக்கத் தேவையில்லாத ஒன்று. புத்தகம் வேண்டாம், விரல் வேண்டாம், அண்ணன் வேண்டாம்.

மத்தியானத்திலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் பத்து முடிந்தது. மூன்றாவதன் தொடக்கமான பரலோக மந்திரத்தை ஜெர்லின் சொல்ல வேண்டும்.

மெழுகுவர்த்தி அசைந்தது. எமில்டா கண்ணை மூடிக் காத்திருந்தாள். ரெக்சன் தலை குனிந்திருந்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல் ஜெனோ, வழக்கம்போல், தங்கைக்காக வாயைத் திறந்தான். விஜிலா அவன் முழங்காலில் கை வைத்தாள்.

"வேண்டாம்லே. அவளே சொல்லட்டும்."

ஜெர்லின் கையிலிருந்த மணியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். குரல் வந்தது. காலையில் கோவிலையே நிறுத்தி வைத்த அதே கனத்த, நிதானமான குரல்.

"எம்மா, இதையும் நான் பாக்காமத்தான சொல்லுதேன். இதுவும் பொய்யா?"

ஐந்து பேர் கையிலும் செபமாலை அந்த ஒரு மணியிலேயே நின்றது.